அரசன் புகழும் அதிகாரியின் பணியும்: தில்லை, திருவதிகைக் கல்வெட்டுகளின்வழி நரலோகவீரன்

ஆய்வுச் சுருக்கம்

முதற் குலோத்துங்கன், விக்கிரமசோழன் ஆகிய இரு சோழ வேந்தர் காலத்தும் அரசவையில் உயர்நிலை வகித்தவன் மணவிற் கூத்தனான நரலோகவீரன். படைத்தலைவர் வரிசையில் வைத்தே வரலாற்று நூல்கள் அவனைப் பெரிதும் பேசுகின்றன. சிதம்பரத்திலும் திருவதிகையிலும் உள்ள வெண்பாக் கல்வெட்டுகளோ கோயிற் பணி செய்வித்த நிருவாகி ஒருவனைக் காட்டுகின்றன. தில்லையில் பொன் வேய்ந்தவர் யார் என்னும் பழைய வினாவை முன்வைத்து, அரசனின் மெய்க்கீர்த்தியும் அதிகாரியின் வெண்பாவும் ஒரே பணியைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. தேவாரத்தைச் செப்பேட்டில் எழுதுவித்த செய்தியும் கடலாட்டுப் பெருவழியும் தனிக் கவனம் பெறுகின்றன.

திறவுச் சொற்கள்: நரலோகவீரன், காலிங்கராயன், விக்கிரமசோழன், சிதம்பரம், திருவதிகை, மெய்க்கீர்த்தி, தேவாரச் செப்பேடு.

முன்னுரை

அரசவை அதிகாரி ஒருவனின் வாழ்க்கையை எழுதுவது எந்த நாட்டிலும் சான்றுகளின் தன்மையைப் பொறுத்தே அமைகிறது. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் அமைச்சராயிருந்த தாமஸ் கிராம்வெல் 1540இல் வீழ்ச்சியுற்றபோது அவருடைய தாள்கள் அரசால் கைப்பற்றப்பட்டன. அவருக்கு வந்த கடிதங்கள் பெருமளவில் இன்றும் கிடைப்பதற்கு அவருக்கு நேர்ந்த அந்தக் கேடே காரணம். டியூடர் மன்னர்களின் அவையோரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத முடிவது இத்தகைய ஆவணக் குவியலால்தான். யார் யாரிடம் என்ன கேட்டார், யாருக்கு எதனால் கோபம் வந்தது என்பது வரை அங்கே தெரியும். சோழ அரசின் ஓலைகள் அவ்வாறு எஞ்சவில்லை. திருமந்திர ஓலைநாயகம் எழுதியதும் புரவுவரித் திணைக்களத்தார் வரியிலிட்டதும் கோயிற் சுவரில் பொறிக்கப்பெற்ற அளவிலேயே நமக்குக் கிடைக்கின்றன. ஆகவே சோழ அதிகாரி எவனாயினும் அவனை நாம் அறிவது கொடையாளியாகவே. அவன் கோயிலுக்கு எதுவும் செய்யாதிருந்தால் அவன் வாழ்ந்ததே தெரியாமற் போயிருக்கும்.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்பவன் நரலோகவீரன். இவனுடைய பணிகளை வரிசையாகப் பாடும் வெண்பாத் தொடர்கள் சிதம்பரம் நடராசர் கோயிலிலும் பண்ணுருட்டியை அடுத்த திருவதிகை வீரட்டானத்திலும் கல்லில் வெட்டப்பெற்றுள்ளன. சிதம்பரத்தில் தமிழ் வெண்பாக்களுடன் வடமொழிச் செய்யுட்களும் உள்ளன. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதி நான்கில் சிதம்பரக் கல்வெட்டு அச்சேறியது. கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி, சோழர் வரலாறும் ஆட்சியும் பற்றிய தம் ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பில் இவனுக்கெனத் தனிக் கட்டுரை ஒதுக்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தி.வை. சதாசிவ பண்டாரத்தார் தம் பிற்காலச் சோழர் சரித்திரத்தில் இவன் திருப்பணிகளைத் தொகுத்துக் காட்டினார். அவர்களுக்குப் பின் வந்த நூல்களிற் பெரும்பாலானவை இவ்விருவர் தந்த பட்டியலைத் திரும்பச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. பட்டியலிலுள்ள பணிகள் ஒன்றோடொன்றும் அரசனோடும் எவ்வாறு தொடர்புடையன என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

இன்றைய கடலூர் மாவட்டத்தின் நிலப்பரப்பே இவ்வாய்வின் களம். கெடிலக் கரையிலுள்ள திருவதிகைக்கும் வெள்ளாற்றுக்குத் தெற்கே அமைந்த தில்லைக்கும் இடைப்பட்டது குறிஞ்சிப்பாடி, வடலூர் வட்டாரம். திருமுனைப்பாடி நாட்டிலிருந்து தில்லைப் பெரும்பற்றப்புலியூர் வரை நீளும் இந்நிலத்தின் இரு முனைகளிலும் ஒரே அதிகாரியின் பெயர் அழுத்தமாகப் பதிந்திருப்பது தற்செயல் எனக் கொள்ளத்தக்கதன்று.

பெயரும் பிறப்பிடமும்

கல்வெட்டுகள் இவனைப் பல பெயர்களால் அழைக்கின்றன. தொண்டைமண்டலத்து மணவிற் கோட்டத்து அரும்பாக்கத்துக்கு உரியவன் என்பதால் அரும்பாக்கிழான். மணவிலைச் சார்ந்தவன் என்பதால் மணவிற் கூத்தன். பொன்னம்பலக்கூத்தன் என்பது இயற்பெயர் எனத் தோன்றுகிறது. வடமொழிச் செய்யுட்களில் அது சபாநர்த்தகன் என மொழிபெயர்க்கப்பெறுகிறது. காலிங்கராயன் என்பது அரசவை வழங்கிய பட்டம். நரலோகவீரன் என்பது சிறப்புப்பெயர். வெண்பாவின் எதுகைக்கும் சீருக்கும் ஏற்பக் கூத்தன், காலிங்கர்கோன், தொண்டையர்கோன் எனப் புலவன் மாற்றி மாற்றி ஆள்வதால், வேறு வேறு ஆட்களோ என்ற ஐயம் முதலில் எழுவதும் இயல்பே.

இப்பெயர்களை அடுக்காகப் பார்க்கும்போது ஒரு சமூகப் பயணம் புலனாகிறது. கிழான், உடையான் என்னும் ஈறுகள் ஓர் ஊரில் நிலவுரிமை உடையாரைக் குறிப்பன என்பதை நொபுரு கராஷிமா, எ. சுப்பராயலு ஆகியோரின் பெயராய்வுகள் நிறுவியுள்ளன. அரையன், ராயன் என முடியும் பட்டங்கள் அரசனின் பணியில் சேர்ந்தோர்க்கு வாய்ப்பன. அரும்பாக்கத்து நிலவுடைமையாளன் காலிங்கராயன் ஆனது சோழப் பேரரசு தொண்டைமண்டலத்து வேளாண் குடிகளைத் தன் ஆட்சிப் பொறிக்குள் ஈர்த்துக்கொண்டதன் ஓர் எடுத்துக்காட்டு. இவனுக்கு அடுத்த தலைமுறையில் அதே மண்டலத்துக் குன்றத்தூரிலிருந்து வந்து இரண்டாம் குலோத்துங்கன் அவையில் அமைச்சராயிருந்தவராக மரபு கூறும் சேக்கிழாரையும் இவ்வழியில் வைத்து எண்ணலாம்.

இவ்விடத்தில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுதல் நலம். காலிங்கராயன் என்னும் பட்டம் ஒருவர்க்கே உரியதன்று. கொங்கு நாட்டில் பவானியாற்று நீரைத் திருப்பிய வாய்க்காலுக்குப் பெயர் தந்த காலிங்கராயன் 13ஆம் நூற்றாண்டினன். இவனோடு அவனுக்குத் தொடர்பில்லை. அவ்வாறே சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணித் தலைவன் கருணாகரத் தொண்டைமானையும் இவனையும் ஒருவராக்கிக் காட்டும் போக்கு பழைய கட்டுரைகள் சிலவற்றில் காணப்படுகிறது. பரணித் தலைவனின் ஊர் வண்டை. இவன் ஊர் மணவில். விக்கிரமசோழனுலா தொண்டையர் தலைவன் ஒருவனையும் காலிங்கர்கோனையும் தனித்தனியே நிறுத்துகிறது. பட்டமும் குடியும் ஒத்திருப்பது கொண்டு ஆட்களை இணைத்தல் கல்வெட்டாய்வில் எளிதில் நேரும் பிழை.

பொன்னும் செம்பும்

தில்லைச் சிற்றம்பலத்தைப் பொன் வேய்ந்தவர் யார்? கோயிலைக் காண வருவோர்க்கு இன்று இரணியவர்மன் கதை சொல்லப்படுகிறது. செப்பேட்டுச் சான்றை நாடினால் முதற் பராந்தகன் (907–955) முன்னிற்கிறான். இலெய்டன் செப்பேடு அவன் பொன் வேய்ந்ததைப் போற்றுகிறது. முதற் குலோத்துங்கனின் 44ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1114இல், அவன் தங்கை குந்தவை பொன் வேய்ந்த செய்தியைச் சிதம்பரக் கல்வெட்டு தருகிறது. நரலோகவீரன் சிற்றம்பலத்தைப் பொன்னால் வேய்ந்தான் என்று அவன் வெண்பா கூறுகிறது. விக்கிரமசோழனின் 10ஆம் ஆட்சியாண்டு மெய்க்கீர்த்தியோ, குறுநில மன்னர் திறையாகக் கொணர்ந்து குவித்த பொன்னைக் கொண்டு அம்பலத்தைச் சூழ்ந்த திருமாளிகையும் கோபுர வாயிலும் கூடசாலைகளும் பலிபீடமும் அரசனே பொன் வேய்ந்ததாக முழங்குகிறது. சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை, அத்த நாள், வளர்பிறைத் திரயோதசி என நாளும் குறிக்கிறது. கணிப்பாளர் இதனை 1128 ஏப்ரல் 15 எனக் கொள்வர். அடுத்து வந்த இரண்டாம் குலோத்துங்கன் (1133–1150) தில்லையையே பொன்மயமாக்கினான் என்று அவன் கால இலக்கியம் பாராட்டுகிறது.

ஒரே கோயிலுக்கு இத்தனை பேர் பொன் வேய்ந்தனர் எனில் அவற்றுள் எதை ஏற்பது? ஒருவர் கூற்றை மெய்யென்றும் மற்றையோர் கூற்றைப் புனைந்துரை என்றும் தள்ளுவது எளிய வழி. ஆனால் அது சான்றுகளை மதிப்பதாகாது. கூரை என்பது ஒருமுறை வேய்ந்து முடிவதன்று. மரச்சட்டமும் ஆணியும் தகடும் காலத்தால் தேயும், தலைமுறைக்கு ஒருமுறையேனும் புதுக்குதல் வேண்டும். மேலும், கல்வெட்டுகள் குறிப்பிடும் உறுப்புகள் வெவ்வேறானவை. சிற்றம்பலம், பேரம்பலம், சுற்றுமாளிகை, வாயில் எனப் பிரித்துப் படித்தால் முரணிற் பெரும்பகுதி மறைந்துவிடும்.

எனினும் எஞ்சும் ஒரு முரணே இங்கு முதன்மையானது. விக்கிரமசோழன் காலத்தில் நடந்த பணிகளுக்கு அரசனும் அதிகாரியும் தனித்தனியே உரிமை கொண்டாடுகின்றனர். நரலோகவீரனை அரசனின் கைக்கருவியாக மட்டும் கொண்டால் வெண்பாக்களில் அவன் எழுவாயாக நிற்பதை விளக்க முடியாது. ஒவ்வொரு வெண்பாவும் இவன் அமைத்தான், இவன் செய்வித்தான் என்றே முடிகிறது. ஆணையிட்ட அரசன் அங்கே இல்லை. அதே வேளையில் அவனைத் தன்னுரிமையுடைய கொடையாளியாகக் கொண்டாலும் தடை எழுகிறது. பேரரசின் குலநாயகன் கோயிலில், அரசனின் இசைவின்றி, அரசன் பெயர் சொல்லாமல் ஓர் அதிகாரி தன் புகழைச் சுவரில் பொறித்தல் இயலுமா?

இதற்கு விடையைச் செம்பில் தேடலாம் என்பது என் கருத்து. பேரம்பலத்தை நரலோகவீரன் செம்பினால் வேய்ந்தான் என்று வெண்பா சொல்கிறது. புகழ்ச்சிக் கவி பாடும் புலவனுக்குப் பொன் என்று சொல்வதில் என்ன தடை இருந்திருக்கும்? செம்பு என்று அடங்கிய சொல்லால் உரைத்திருப்பதே அச்செய்தியின் மெய்ம்மைக்குச் சான்று. பேரம்பலம் பொன் வேய்ந்த பெருமை பின்னர் இரண்டாம் குலோத்துங்கனுக்கு உரியதாகிறது. ஆக, அதிகாரி செம்பு வேய்ந்ததும் அரசன் பொன் வேய்ந்ததும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல, அடுத்தடுத்து நிகழ்ந்தவை. செம்புத் தகடு வேய்தல் என்பது மழைக்கு ஒழுகாத கூரை அமைக்கும் தொழில்நுட்பப் பணி. இவ்வகைப் பணிகளை மெய்க்கீர்த்தி பாடுவதில்லை.

இக்கண்ணோட்டத்துடன் சிதம்பரப் பட்டியலை மறுபடி நோக்கினால், அரச மெய்க்கீர்த்தியில் இடம்பெறாத இனங்கள் பல அதில் இருப்பது தெரிகிறது. நூற்றுக்கால் மண்டபம், பெருமதில், சிவகாமக்கோட்டமும் அதைச் சூழ்ந்த திருச்சுற்று மாளிகையும், தீர்த்தக்குளத்துக்குக் கற்படிகள், நந்தவனம், விளக்குகள் எனப் பட்டியல் நீள்கிறது. ஒரு பெருங்கோயில் நாள்தோறும் இயங்குவதற்கு வேண்டிய கட்டமைப்பு இது. மெய்க்கீர்த்தி, கண்ணைப் பறிக்கும் பொன்னை அரசனுக்கென எடுத்துக்கொள்கிறது. குளத்துப் படியும் மதிலும் கூரைச் செம்பும் அதிகாரியின் வெண்பாவுக்கு விடப்படுகின்றன. சிற்றம்பலத்துப் பொன் இவ்விரண்டுக்கும் பொதுவான எல்லைக்கோட்டில் நிற்கிறது. அங்கேதான் இருவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. இடைக்கால இந்திய அரசவைப் பண்பாட்டை ஆராய்ந்த தாவூத் அலி, அரசனுக்கும் அவையோர்க்கும் இடையிலான உறவு புகழையும் பணிவையும் அளந்து பரிமாறுவதில் நிலைபெற்றது எனக் காட்டியுள்ளார். தில்லையில் அந்த அளவை எவ்வாறு வகுத்தனர் என்பதற்கு உலோகங்களே சாட்சி சொல்கின்றன.

சிவகாமக்கோட்டப் பணி பற்றி ஒரு சிறு குறிப்பு. அம்மனுக்குத் தனிக் கோயில் எடுக்கும் வழக்கம் சோழநாட்டில் 11, 12ஆம் நூற்றாண்டுகளில்தான் பரவுகிறது. நரலோகவீரன் தில்லையில் மட்டுமின்றி அதிகையிலும் அம்மன் கோயிற் பணி செய்திருப்பது, அவ்வழக்கம் பரவியதில் அரசவை அதிகாரிகளுக்கிருந்த பங்கைக் காட்டுகிறது. இது தனி ஆய்வுக்குரியது.

செப்பேட்டில் எழுதிய தேவாரம்

சிதம்பர வெண்பாக்களுள் தமிழிலக்கிய வரலாற்றுக்கு மிக வேண்டிய செய்தி, மூவர் பாடிய பதிகங்களைச் செப்பேட்டில் எழுதுவித்தான் என்பது. திருப்பதிகம் பாடுவாருக்கு நிவந்தம் அளிக்கும் வழக்கம் பல்லவர் காலத்திலேயே உண்டு. திருவல்லக் கல்வெட்டு அதற்குச் சான்று. முதல் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் பதிகம் விண்ணப்பம் செய்யப் பிடாரர் 48 பேரையும் உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிப்போர் இருவரையும் அமர்த்தினான். இவையனைத்தும் பாடுவோர்க்கான ஏற்பாடுகள். பாடல் எழுத்தாகக் காக்கப்படுவதற்கான ஏற்பாடு நரலோகவீரன் கல்வெட்டில்தான் தெளிவாகப் புலப்படுகிறது.

திருமுறை கண்ட வரலாறு அனைவரும் அறிந்தது. தில்லையில் பூட்டிய அறையில் கறையான் அரித்த ஏடுகளை நம்பியாண்டார் நம்பி வழியாக அபயகுலசேகரன் என்னும் சோழன் வெளிக்கொணர்ந்தான் என்று உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் கூறும். அச்சோழன் முதல் இராசராசனா, வேறொருவனா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அவ்வழக்கில் நுழையாமலே ஒன்றைச் சொல்லலாம். புராணம் கூறும் கறையானும் கல்வெட்டு கூறும் செப்பேடும் ஒரே கவலையின் இரு முகங்கள். ஓலை அழியும் என்ற அச்சம் தில்லையில் உண்மையாகவே இருந்தது; அதற்கு 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அதிகாரி உலோகத்தால் விடை கண்டான்.

சோழர் காலத்தில் செப்பேடு எதற்குப் பயன்பட்டது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளவேண்டும். நிலக்கொடை, பிரமதேயம் போன்ற அரச ஆணைகள் நிலைபெற வேண்டின் அவை செம்பில் எழுதப்பெற்று வளையத்தில் கோக்கப்பட்டு முத்திரை இடப்பெற்றன. திருவாலங்காடு, கரந்தைச் செப்பேடுகள் அவ்வகையின. அரசாணையின் ஊடகத்தைப் பக்திப் பாடலுக்கு மாற்றிய எண்ணம் ஆட்சி நிருவாகத்தில் பழகிய ஒருவனுக்கே எளிதில் தோன்றக்கூடியது. பதிகம் இங்கே உரிமை ஆவணத்தின் தகுதியைப் பெறுகிறது. செம்பில் ஏறிய பாடலுக்கு வரிசை வேண்டும், பாடம் ஒன்றாக இருத்தல் வேண்டும். ஆகவே எழுதுவிக்கும் செயலே தொகுப்புச் செயலும் ஆகிறது. திருமுறைத் தொகுப்பு வரலாற்றை எழுதுவோர் நம்பியாண்டார் நம்பியிலிருந்து சேக்கிழாருக்கு நேரே தாவிவிடுகின்றனர். இடையில் இந்தச் செப்பேட்டுக்கு ஓர் அதிகாரம் தரப்படவேண்டும்.

அதே கோயிலில் தேவாரம் ஓதுவதற்கு மண்டபமும், ஞானசம்பந்தருக்குச் செய்த சிறப்பும் வெண்பாக்களில் பேசப்படுகின்றன. இவற்றைச் செப்பேட்டோடு சேர்த்தே காணவேண்டும்: பாடல் எழுத்தாகிறது, ஓத இடம் வாய்க்கிறது, பாடியவர் வழிபடப்படுகிறார். தனித்தனிக் கொடைகளாகப் பட்டியலிடும்போது இவ்வொருமைப்பாடு மறைந்துபோகிறது.

கடலாட்டுப் பெருவழி

மாசித் திங்களில் இறைவன் கடலாடச் செல்லும்போது எழுந்தருளியிருக்கக் கடற்கரையில் மண்டபமும், அங்குச் செல்லப் பெருவழியும் நரலோகவீரன் அமைத்தான். தில்லைக்குக் கிழக்கே கடல்வரை உள்ள நிலம் கழிமுகமும் அலையாத்திக் காடும் கலந்த தாழ்நிலம். இன்றைய கிள்ளை, பிச்சாவரம் பகுதி. அத்தகைய சேற்றுநிலத்தில் தேரும் திரளும் செல்லும் வழி அமைப்பது எளிய வேலையன்று. மண்கொட்டி மேடாக்க வேண்டும். நீர் ஓட வழிவிட வேண்டும். ஆண்டுதோறும் காக்க ஆள் வேண்டும். கொங்கு நாட்டின் இராசகேசரிப் பெருவழியைப் போன்றவை வணிகத்துக்கும் படைக்கும் உதவிய நெடுவழிகள். தில்லைப் பெருவழி விழாவுக்கென எழுந்ததாயினும், கடற்கரை ஊர்களைக் கோயில் நகரத்தோடு பிணைத்த பயன் அதனால் விளைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. கிள்ளைக் கடற்கரையில் மாசிமகத் தீர்த்தவாரி இன்றும் பெருந்திரளாக நடைபெறுகிறது. திருமுட்டம் பூவராகப் பெருமாள் அங்கே எழுந்தருள்வதையும் அவ்வழியில் இசுலாமியர் வரவேற்பளிப்பதையும் இம்மாவட்டத்தார் நன்கறிவர்.

அதிகை வீரட்டானம்

திருவதிகை வெண்பாக்கள் தில்லைப் பணிகளைப் பெரும்பாலும் எதிரொலிக்கின்றன. பொன் வேய்தல், மண்டபம், மடைப்பள்ளி, ஆடரங்கு, அம்மன் கோயில், விளக்கு, பசுக்கள், சோலை என ஒரே முறையில் அமைந்த பட்டியல் இது. இவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒன்று மட்டும் வேறுபடுகிறது: வாகீசருக்கு, அதாவது திருநாவுக்கரசருக்கு, அவன் எடுப்பித்த கோயில்.

அதிகை நாவுக்கரசரின் வாழ்வில் திருப்புமுனையான தலம். தமக்கையார் திலகவதியார் தொண்டு செய்திருந்த இடம். சூலைநோய் நீங்கிச் சமணத்திலிருந்து அவர் சைவத்துக்கு மீண்ட இடம். அவர் பிறந்த திருவாமூரும் அருகிலேயே உள்ளது. பல்லவ மன்னன் சமணப் பள்ளியை இடித்துக் குணபரவீச்சரம் எடுத்தான் என்று பெரியபுராணம் கூறும் இடமும் இவ்வதிகையே. பெரியபுராணம் எழுதப்படுமுன்பே இங்கு நாவுக்கரசருக்குக் கோயில் எடுக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. தில்லையில் சம்பந்தர்க்குச் சிறப்பும், அதிகையில் அப்பருக்குக் கோயிலும் செய்த ஒருவன், எந்த அடியாரை எந்தத் தலத்தோடு பொருத்துவது என்பதை அறிந்தே செய்திருக்கிறான். சேக்கிழார் காவியம், ஏற்கெனவே கல்லிலும் செம்பிலும் வழிபாட்டிலும் உருப்பெற்றிருந்த மரபின்மேல் எழுந்தது. அம்மரபை உருவாக்கியவர்களுள் புலவரும் அடியாரும் மட்டுமல்லாமல் அரசின் கணக்கும் படையும் நடத்தியவர்களும் இருந்தனர்.

இப்பணிகளுக்குப் பொருள் எங்கிருந்து வந்தது? சோழ அதிகாரிகளுக்குச் சீவிதமாக நில வருவாய் அளிக்கப்பட்டது. போரில் கிடைத்த பொருளும் சேர்ந்திருக்கலாம். கோயிற் கொடையை வள்ளன்மையாக மட்டும் நோக்காது, வருவாயை வட்டாரத்துக்குத் திருப்பிவிடும் ஆட்சிமுறையாகவும் நோக்கவேண்டும் என்பதை ஜேம்ஸ் ஹைட்ஸ்மன் சோழ நாட்டின் பல பகுதிகளைக் கொண்டு விளக்கியுள்ளார். நடுநாட்டில் இம்முறைக்கு அரசியல் தேவையும் இருந்தது. கெடிலம், பெண்ணைக் கரைகளில் காடவர், மலையமான் போன்ற குடித்தலைவர்கள் இக்காலத்தே வலுப்பெற்று வந்தனர். விக்கிரமசோழனுலாவிலேயே செஞ்சிக் காடவன் இடம்பெறுகிறான். அவர்களுடைய மண்ணில் மணவிலிலிருந்து வந்த மைய அரசின் அதிகாரி பெருங்கோயிற் பணி நடத்தியது சோழ ஆட்சியின் இருப்பைக் கண்ணெதிரே நிறுத்தியிருக்கும். அந்த இருப்பு நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஒரு நூற்றாண்டு கழித்துச் சேந்தமங்கலத்துக் காடவன் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராசராசனைச் சிறைப்பிடித்தான். தில்லைத் தெற்குக் கோபுரத்துக்குச் சொக்கச்சீயன் என்ற தன் பெயரையும் இட்டான்.

போர்களும் உலாவும்

படைத்தலைவன் என்ற முறையில் நரலோகவீரனைப் பற்றி இறுதியில் சொல்வது, வழக்கமான வரலாற்று வரிசையைத் தலைகீழாக்குவதாகத் தோன்றலாம். கல்வெட்டுகளின் அழுத்தம் இருக்குமிடம் அதுதான். முதற் குலோத்துங்கன் தென்பாண்டி நாட்டிலும் மலைநாட்டிலும் நடத்திய போர்களில் இவன் பங்கு பெற்றான் என்பதை வெண்பாக்கள் அடைமொழிகளாகச் சொல்லிச் செல்கின்றன. தென்னர், சேரர் தோற்றது வினைமுற்றாக அன்றிப் பெயரெச்சமாகவே பெரும்பாலும் வருகிறது. முற்றுவினை கோயிற் பணிக்கே உரியது. போரில் வென்ற காலிங்கர்கோன் மண்டபம் அமைத்தான் என்ற தொடரில், வென்றது அறிமுகம், அமைத்தது செய்தி. யாப்பும் இலக்கணமும் வரலாற்றாசிரியனுக்குச் சான்றாகும் இடங்களுள் இது ஒன்று.

ஒட்டக்கூத்தரின் விக்கிரமசோழனுலாவில் நிலை வேறு. உலாப் போகும் அரசனைச் சூழ்ந்து வரும் தலைவர்களுள் முனையர்கோன், நுளம்பன், காடவன் ஆகியோருடன் காலிங்கர்கோனும் வருகிறான். வேங்கை, விழிஞம், கொல்லம், கொங்கம், இரட்டம், ஒட்டம் என்னும் களங்களில் பகையரசர் ஓடக் கொடி எடுத்தவன் என்பதே அவனுக்குத் தரப்படும் அடையாளம். வடக்கே வேங்கியும் ஒட்டமும், தெற்கே விழிஞமும் கொல்லமும் என நாற்றிசையும் தொட்டுச் செல்லும் இப்பட்டியலைப் போர்நிகழ்ச்சிகளின் நிரல் என எழுத்தெண்ணிக் கொள்வது இடர்ப்பாடுடையது. பாண்டிய, கேரளப் போர்களுக்கு மட்டுமே வெண்பாக்களின் துணை வலுவாக உள்ளது. உலா அரங்கேறிய அவையில் அரசன் வீற்றிருந்தான். அங்கே காலிங்கர்கோனுக்குக் கொடியும் களமும் மட்டும் அளிக்கப்படுகின்றன. தில்லைப் பொன்னோ செம்போ, கடற்கரைக்குப் போட்ட வழியோ, மூவர் பாடலை ஏற்றிய செப்பேடோ அவனைப் பாடும் கண்ணிகளில் இல்லை.